கறிக்குழம்பு தாங்கும், உருளைக்கிழங்கு தாங்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விசேஷ வீடுகளில் மீந்த உணவை ஃப்ரீசரில் வைத்தால் ஆறு மாதம் வரை கெடாது என்று தங்கள் மகளிர் பகுதியில் நான்கு வரிக் குறிப்பு ஒன்று வந்திருந்தது. கெடாது என்பது உண்மைதான். ஆனால் கெடாமல் இருப்பது வேறு, வாயில் வைக்கும்படி இருப்பது வேறு. அந்த நான்கு வரியை நம்பிப் பால் பணியாரத்தையும் முட்டைக் குழம்பையும் உருளைக்கிழங்கு போட்ட வெள்ளைக் குருமாவையும் உள்ளே தள்ளினால், ஒரு வாரம் கழித்து எடுத்துக் கொட்டத்தான் நேரும். செட்டிநாட்டுச் சமையலில் ஃப்ரீசருக்கென்றே பிறந்தது போன்ற பண்டங்களும் உண்டு. அதன் பக்கமே போகக் கூடாதவையும் உண்டு. அதைச் சற்று விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலம் தண்ணீர். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருக்கிறது. மெதுவாக உறைந்தால் பனிக்கட்டி பெரிய பெரிய ஊசிகளாக வளர்ந்து காயின், கறியின் நுண்ணறைகளைக் கிழித்துவிடும். வெளியே எடுத்து இளகவிட்டதும் கிழிந்த இடம் வழியே நீர் கசிந்து, பண்டம் துவண்டு போகிறது. வேகமாக உறைந்தால் பனித்துகள் சிறிதாக இருக்கும், சேதமும் குறையும். இரண்டாவது எதிரி காற்று. மூடி சரியில்லாத டப்பாவில் உணவின் மேற்பரப்பு காய்ந்து வெள்ளைத் திட்டாகும். கொழுப்பு காறல் அடிக்கும். கிருமிகளைப் பொறுத்தவரை மைனஸ் 18 டிகிரியில் அவை பெருகாது, ஆனால் சாவதும் இல்லை. உள்ளே போகும்போது சந்தேகமாக இருந்த குழம்பு வெளியே வரும்போதும் சந்தேகத்துக்கு உரியதுதான்.

முதலில் தங்கள் வீட்டில் இருப்பது ஃப்ரீசர்தானா என்று பார்க்க வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளே மேல்பக்கம் இருக்கும் சிறு ஐஸ் அறை பலவற்றில் மைனஸ் 18 டிகிரியை எட்டுவதில்லை. ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை ஒரு நாள் முழுக்க அதில் வைத்துப் பாருங்கள். கரண்டி இறங்காத கல்லாக இருந்தால் அது ஃப்ரீசர். கரண்டி சுலபமாக இறங்கினால் அது ஐஸ் பெட்டி மட்டுமே. அதில் இரண்டு வாரத்துக்கு மேல் எதையும் நம்பி வைக்கக் கூடாது. கீழே நான் சொல்லும் மாதக் கணக்கெல்லாம் கல்லாக உறைய வைக்கும் ஃப்ரீசருக்குத்தான்.

அடுத்தது அளவு. 50 லிட்டர் ஃப்ரீசரில் ஒரு நாளைக்குப் புதிதாக வைக்கக்கூடியது இரண்டு கிலோ வரைதான். கிடா வெட்டிய மறுநாள் எட்டுக் கிலோ கறியை ஒரே நேரத்தில் திணித்தால், ஏற்கெனவே உறைந்திருப்பதும் இளகும், புதியதும் இரண்டு நாள் இழுத்து மெதுவாக உறையும். பெரிய சம்படத்தில் குழம்பை நிறைத்து வைப்பதும் அதே தவறு. தடிமன் இரட்டித்தால் உறையும் நேரம் இரண்டு மடங்கையும் தாண்டும். ஆகவே எதுவானாலும் ஜிப் கவரில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தட்டையாகப் பரப்பி, தாம்பாளத்தில் படுக்க வைத்து உறைய விடுங்கள். உறைந்தபின் கணக்குப் புத்தகம் போல வரிசையாக நிறுத்தி வைக்கலாம். காற்றை வெளியேற்ற மெஷின் வேண்டாம். கவரின் வாயில் ஓரமாகச் சிறு இடம் விட்டு மூடி, வாய் மட்டும் மேலே இருக்கும்படி ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் தண்ணீரே காற்றைத் தள்ளிவிடும். அப்படியே மூடிவிட வேண்டும். டப்பாவில்தான் வைப்பேன் என்றால் மேலே ஓர் அங்குலம் காலி விடுங்கள். கழுத்துக் குறுகிய கண்ணாடிப் பாட்டில் விரிசல் கண்டே தீரும்.

இனிக் கறிக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் தொங்குகிற ஆட்டுக்கறி, வெட்டிச் சில மணி நேரமே ஆனது. அதை வாங்கிய கையோடு துண்டு போட்டு ஃப்ரீசரில் வைப்பதுதான் நம் பக்கம் நடக்கிற பெரிய பிழை. வெட்டியபின் தசை விறைத்து, பிறகு தளர வேண்டும். விறைப்பு நீங்குமுன் கடுங்குளிரில் வைத்தால் தசைநார் சுருங்கிவிடும். பிறகு குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் ரப்பர்தான். வாங்கிய கறியை மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்து, மறுநாள் ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். கோழிக்கு ஐந்தாறு மணி நேரம் போதும். கழுவியதாக இருந்தால் நீரைச் சுத்தமாக வடித்துவிடுங்கள். உப்பும் மஞ்சளும் தடவி வைப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உப்பு கொழுப்பைச் சீக்கிரம் காறவைக்கும். ஆகவே பச்சைக் கறியை வெறுமனே வைப்பதே மேல். துண்டு போட்ட ஆட்டுக்கறி ஆறு மாதம், கோழித் துண்டு ஒன்பது மாதம், கொத்துக்கறியும் ஈரலும் மூன்று மாதம் ருசி மாறாமல் இருக்கும். கொத்துக்கறிக்கு ஏன் இந்தக் குறைந்த ஆயுள் என்றால், அரைபட்டதால் எல்லாப் பக்கமும் காற்றுப் பட்டுவிட்டது. உறைந்த கோழியைச் சமைக்கும்போது எலும்பு ஓரம் கறுத்திருப்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டதென்று தூக்கிப் போடுகிறார்கள். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நிறம் கசிந்து வருவது அது, சாப்பிடலாம்.

சமைத்த கறிக்குழம்பு, சுக்கா, கோழிப் பிரட்டல் மூன்றும் ஃப்ரீசருக்கு மிகப் பொருத்தமானவை. மசாலாவும் எண்ணெயும் துண்டைச் சுற்றி மூடிக்கொள்வதால் காற்று நேராகப் படுவதில்லை. இரண்டு மூன்று மாதம் வரை குறையில்லை. ஆனால் செட்டிநாட்டு மசாலாவுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. மிளகு, கிராம்பு, பூண்டு மூன்றும் உறைந்து கிடக்கும்போது காரமும் கசப்பும் ஏறும். உப்பு குறைந்தாற்போல் தெரியும். எனவே உறைய வைப்பதற்கென்று சமைக்கும்போது மிளகுத்தூளைப் பாதியாகவும் கிராம்பை மூன்றில் ஒன்றாகவும் குறைத்துக்கொண்டு, சூடுபடுத்தும்போது புதிதாகப் பொடித்த மிளகும் சோம்பும் ஒரு கொத்து கறிவேப்பிலையும் நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். அன்று வைத்த மணம் திரும்ப வரும். கறிக்குழம்பில் உருளைக்கிழங்கு போடும் வழக்கம் உள்ளவர்கள், உறைய வைக்கும் பங்கை எடுத்துக்கொண்டு மீதிக்கு மட்டும் கிழங்கு சேர்க்க வேண்டும். வெந்த கிழங்கு உறைந்து இளகினால் வெளியே நீரும் உள்ளே மணலுமாகிவிடும். குழம்பைக் கெட்டியாக்க கசகசா, பொட்டுக்கடலை, தேங்காய் அரைத்து ஊற்றுவது நமக்கு அதிர்ஷ்டம். இவை இளகும்போது சற்றுத் திரிந்தாற்போல் தெரிந்தாலும் ஒரு கொதியில் சேர்ந்துவிடும். மைதாவோ கார்ன்ஃப்ளவரோ கரைத்துவிட்ட ஓட்டல் கிரேவிதான் தண்ணீராகப் பிரிந்து நிற்கும்.

ஆற வைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயிலில் அண்டாக் குழம்பு வெளிச்சூட்டிலேயே ஆறட்டும் என்று விட்டால் ஐந்தாறு மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமி பெருக அதைவிட நல்ல இடம் கிடையாது. 60 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குள் உணவு எவ்வளவு குறைந்த நேரம் நிற்கிறதோ அவ்வளவு நல்லது. அடுப்பிலிருந்து இறக்கியதும் குழம்பை அகலமான இரண்டு மூன்று எவர்சில்வர் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஐஸ் போட்ட தண்ணீர்த் தாம்பாளத்தில் நிறுத்திக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தால் அரை மணியில் ஆறும். பிறகு ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம், அதன்பின் கவரில் ஊற்றி ஃப்ரீசர். சுடச்சுட ஃப்ரீசரில் வைப்பது அந்தக் குழம்பை மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். சோற்றுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். வெந்த சோற்றிலும் தப்பிப் பிழைக்கும் ஒரு வகைக் கிருமி, சூட்டோடு விட்டால் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பிரியாணியை ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆற்றி உள்ளே வைத்தால் ஒரு மாதம் நன்றாக இருக்கும். முட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கொத்துக்கறியை அரைத்து உருட்டும் கோலா உருண்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சரியாகச் செய்தால் விருந்துநாள் வேலை பாதி குறையும். பொரித்துவிட்டு உறைய வைக்காதீர்கள், மேல்தோல் ஊறிப்போகும். உருட்டிய நிலையில் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, மூன்று நான்கு மணி நேரம் உறையவிட்டு, கல்லானபின் கவரில் கொட்டிக்கொள்ளுங்கள். அப்போது பத்து வேண்டுமானால் பத்து எடுக்கலாம். கொத்துக்கறியை வேகவைத்து அரைக்கும் வழக்கமுள்ள வீட்டில், உறைந்த உருண்டையை அப்படியே மிதமான தீயில் பொரிக்கலாம். பச்சையாக அரைத்ததென்றால் முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளகவிட வேண்டும்; இல்லாவிட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். எண்ணெயில் போடுமுன் மேலே ஒட்டியிருக்கும் பனித்தூளைத் துணியால் துடைத்துவிடுங்கள், எண்ணெய் முகத்தில் தெறிக்கும். உப்புச் சேர்ந்த மாவு என்பதால் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

மீனுக்கு வருவோம். தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து வரும் கடல்மீனில் கொழுப்பு மிகுந்தவையும் உண்டு, குறைந்தவையும் உண்டு. மத்தி, அயிலை இரண்டு மாதத்துக்கு மேல் காறும். விளைமீன், கண்மாய் விரால் போன்றவை நான்கு மாதம் வரை தாங்கும். குடலும் செவுளும் நீக்கிக் கழுவி, தட்டில் தனித்தனியாக உறையவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி உறையவிடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் மீனைச் சுற்றிக் கண்ணாடி போல் பனிப்பூச்சு விழும். அதைத் தாண்டிக் காற்று போகாது. இறாலுக்குத் தலையைக் கிள்ளிவிட்டுத்தான் வைக்க வேண்டும், தலையில் இருக்கும் நொதி (என்சைம்) சதையைக் குழைத்துவிடும். நண்டை வேகவைத்து வைக்கவும். மீன்குழம்பை மீனோடு உறைய வைத்தால் கெடுவதில்லை, ஆனால் மறுபடி கொதிக்கையில் துண்டு நொறுங்கிக் குழம்போடு கரைந்துவிடும். குழம்பை மட்டும் கூட்டி வைத்துக்கொண்டு, வேண்டிய நாளில் கொதிக்கவிட்டு மீனைப் போடுவதே சரி. கருவாட்டுக்கு ஃப்ரீசர் வேண்டாம். வைத்தால் ஐஸ் கட்டிகூடக் கருவாடு மணக்கும்.

தேங்காய்தான் இந்தச் சமையலின் பெரும் செல்வம்; ஃப்ரீசர் அதற்கு நல்ல நண்பன். முற்றிய தேங்காய்ப் பருப்பில் பாதிக்கும் குறைவான நீரும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பும் இருப்பதால் உறைந்தாலும் அமைப்பு குலைவதில்லை. உடைத்த அன்றே துருவி, பின்புறத் தோல் வராமல் பார்த்துக்கொண்டு, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகத் தட்டைக் கவர்களில் போட்டால் மூன்று மாதம். அரைப்பதற்கு இளகவிடக்கூட வேண்டாம், வெந்நீர் விட்டு அரைக்கலாம். ஆனால் தேங்காய்ப்பாலாக எடுத்து வைக்காதீர்கள். பாலில் கொழுப்பும் நீரும் கலந்திருப்பது உறைந்தால் பிரிந்துவிடும். குழம்பில் ஊற்றிக் கொதிக்கவிட்டால் அது தெரியாது. ஆப்பத்துக்கும் பால் பணியாரத்துக்கும் ஊற்றினால் மேலே எண்ணெய்ப் பொட்டும் கீழே தண்ணீருமாகக் காட்டிக்கொடுத்துவிடும். துருவலாக வைத்து, அன்றன்று வெதுவெதுப்பான நீர்விட்டுப் பிழிந்துகொள்வதற்கு ஈடில்லை. சோம்பு, கசகசா, பொட்டுக்கடலை சேர்த்து அரைத்த விழுதையும் ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டிகளாக்கி வைக்கலாம். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

சின்ன வெங்காயத்தைப் பச்சையாக உரித்து வைத்தால் துவண்டு, ஃப்ரீசர் முழுக்க மணம் பரப்பும். ஆனால் வெங்காயமும் தக்காளியும் எண்ணெய் பிரிய வதக்கிய தொக்கு மிக நன்றாகத் தாங்கும். இரண்டு கிலோ வெங்காயம் உரிப்பது ஒரு நாள் வேலை என்றால், அதைப் பத்து நாளைக்குப் பங்கிட்டுக்கொள்ளலாம். தக்காளி முழுதாகவே வைக்கலாம், குழம்புக்கு மட்டும். இளகியதும் தோல் தானாகக் கழன்று வரும்.

பச்சைக் காய்களைச் சும்மா நறுக்கி உள்ளே வைப்பதும் பரவலான தவறு. உறைந்த பிறகும் காயின் நொதிகள் மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் நிறமும் வாசனையும் வைக்கோலாகும். கொதிநீரில் சற்று நேரம் போட்டெடுத்தால் நொதி அடங்கும். அரைக் கிலோ காய்க்கு நான்கு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். காயைப் போட்டதும் கொதி நின்று மறுபடி ஒரு நிமிடத்துக்குள் கொதிக்கத் தொடங்கும். அதிலிருந்து நிமிடத்தை எண்ணுங்கள். பீன்ஸ், காலிஃபிளவர் 3 நிமிடம், நறுக்கிய கேரட் 2, பச்சைப் பட்டாணி ஒன்றரை, மொச்சை அதன் பருமனைப் பொறுத்து 2 முதல் 4, விரல்நீள முருங்கைக்காய் 3. வடித்ததும் அதே அளவு நேரம் ஐஸ் தண்ணீரில். பிறகு துணியில் நன்றாக உலர்த்திக் கவரில் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் எல்லாம் ஒரே பாறையாகிவிடும். தை மாசம் மலிந்து கிடக்கும் மொச்சையை இப்படி வைத்தால் ஆடி வரை கவலையில்லை. நேரம் குறைந்தால் வேறொரு விபரீதம் உண்டு: அரைகுறைச் சூட்டில் நொதி அடங்காது, காய் மட்டும் தளர்ந்துவிடும்; கொதிநீர் காட்டாமலே வைத்ததைவிட மோசமாகப் போகும்.

எதைச் செய்தும் பயனில்லாத காய்களும் இருக்கின்றன. வெள்ளரி, புடலை, சுரை, முள்ளங்கி, வாழைத்தண்டு எல்லாம் தண்ணீர்ப் பைகள். வெண்டைக்காயை வதக்கி வைத்தால் ஓரளவு தப்பும், ஆனால் அரிசி கழுவிய நீரில் புளி சேர்த்துச் செய்யும் மண்டியில் போட்டு உறைய வைத்தால் அந்த நீரோடு சேர்ந்து கொழகொழவென்று ஆகும். மண்டி ஃப்ரீசருக்கு உரியதல்ல. புளியின் தயவில் அது ஃப்ரிட்ஜிலேயே இரண்டு நாள் இருக்கும், மறுநாள் ருசியும் கூடும். கத்திரிக்காய் பச்சையாகக் கறுக்கும். கோசமல்லிக்காகச் சுட்டோ அவித்தோ மசித்த கத்திரிக்காயை மட்டும் உறைய வைக்கலாம். அதில் சேர்க்கும் உருளைக்கிழங்கைச் செய்கிற அன்று சேர்த்துக்கொள்ளவும். தெரக்கல் என்ற குழம்பை உருளைக்கிழங்கும் கத்திரிக்காயுமாகச் செய்வதால் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். கறிவேப்பிலையை உலர்ந்த இலையாக வைத்து, உறைந்தபடியே சூடான எண்ணெயில் போடலாம். இளகவிட்டால் கறுத்துப் போகும்.

மாவுப் பண்டங்களில் பலரும் ஃப்ரிட்ஜுக்கும் ஃப்ரீசருக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. வெந்த அரிசி மாவு இறுகுவது ஃப்ரிட்ஜின் 4 டிகிரிக் குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது. ஃப்ரீசரில் அது கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால்தான் ஃப்ரிட்ஜில் வைத்த இட்லி மறுநாளே விறைத்தும், ஃப்ரீசரில் வைத்தது ஒரு மாதம் கழித்தும் பஞ்சாக இருக்கிறது. ஆறியதும் தாமதிக்காமல் தட்டில் உறையவிட்டுக் கவரில் போடுங்கள். எடுத்ததும் இளகவிடாமல் நேரே இட்லிக் கொப்பரையில் 8 முதல் 10 நிமிடம். இடியாப்பத்துக்கு நீர் தெளித்து 4 நிமிடம் போதும். குழிப்பணியாரத்தை மறுபடி பணியாரக் கல்லிலேயே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மூடிச் சூடாக்கலாம். வெள்ளைப் பணியாரம் தாங்காது. ஆவியில் வைத்தால் எண்ணெய் கக்கி ரப்பராகும். அதன் அழகே சுடச்சுட மிளகாய்த் துவையலோடு தின்பதில் இருக்கிறது, மீத்து வைப்பதில் இல்லை. இட்லி மாவை உறைய வைத்தால் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களில் ஒரு பகுதி மடிந்து காற்றும் போய்விடும், தோசைக்குத்தான் ஆகும்.

கவுனி என்ற கருப்பரிசி வேக நேரம் பிடிப்பதால் ஒரு கிலோவாக வேகவைத்துப் பங்கிட்டு உறைய வைப்பது மிகவும் லாபம். ஆனால் வெறும் அரிசியாக வையுங்கள். சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய் எல்லாம் சூடாக்கியபின். கும்மாயம் என்ற பருப்பு மாவு இனிப்பைக் கருப்பட்டியும் நெய்யும் ஓரளவு காப்பாற்றும். பால் கொழுக்கட்டையைப் பாலோடு வைக்கவே கூடாது. தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் இவற்றை எதற்கு ஃப்ரீசரில் வைக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. வெளியே எடுத்த நிமிடமே காற்றின் ஈரம் அவற்றின் மேல் வியர்த்து நமத்துப் போகும். காற்றுப் புகாத தூக்கிலும் தகர டின்னிலும் தலைமுறைகளாக அவை நன்றாகத்தானே இருந்தன. உப்பிட்டுக் காயவைத்த கறியான உப்புக்கண்டமும் அப்படியே. வெயிலும் உப்பும் முடித்த வேலையை மறுபடி மின்சாரத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

பால், முட்டை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தயிர் பிரியும், மோர்க்குழம்பும் அப்படியே. வெண்ணெயும் பால்கோவாவும் நன்றாகத் தாங்கும். முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும். அவித்ததன் வெள்ளைக்கரு தோல் செருப்பாகும். முட்டைக் குழம்பில் குழம்பை மட்டும் உறைய வைத்து முட்டையை அன்றன்று அவித்துக்கொள்ளுங்கள்.

இளகவிடுவதிலும் உறையவைக்கும் அளவு கவனம் வேண்டும். காலையில் எடுத்து மேடையில் வைத்துவிட்டு மதியம் சமைப்பது கூடாது. உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிப்பக்கம் வெதுவெதுப்பாகிக் கிருமி பெருகத் தொடங்கியிருக்கும். முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், கீழே ஒரு தட்டோடு வைப்பது நல்லது. அவசரமென்றால் கவர் பிரிக்காமல் குளிர்ந்த நீரில் மூழ்கவிட்டு அரை மணிக்கொரு முறை நீரை மாற்றுங்கள். தட்டையாக உறைந்த அரைக் கிலோ கவர் ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். குழம்பானால் இளகவே வேண்டாம், சிறிது வெந்நீரோடு நேராகச் சட்டியில் போட்டு நன்றாகக் கொதிக்கவிடலாம். ஒருமுறை இளகியதை மறுபடி உறைய வைக்கவே கூடாது என்கிறார்கள். ஃப்ரிட்ஜிலேயே இளகியது என்றால் வைக்கலாம், சாறு குறையும், அவ்வளவுதான். வெளியே வைத்து இளகியதைத்தான் கூடாது. பச்சைக் கறியை இளகவிட்டுச் சமைத்தபின் குழம்பாக மறுபடி உறைய வைப்பதில் தவறே இல்லை.

பல்லவன் ரயிலில் சென்னைப் பிள்ளைகளுக்குக் குழம்பு கொண்டுபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏறக்குறைய ஏழு மணி நேரப் பயணத்துக்குத் தெர்மாகோல் பெட்டி போதும், ஆனால் அதில் காலி இடம் இருக்கக் கூடாது. உறைந்த கவர்களை நெருக்கி அடுக்கி, இடைவெளியில் தங்கள் நாளிதழைக் கசக்கித் திணித்து, மூடியை டேப்பால் ஒட்டினால் எழும்பூர் வரை கல்லாகவே போய்ச் சேரும்.

கடைசியாக மின்தடை. ஃப்ரீசர் நிறைந்திருந்து கதவைத் திறக்காமல் விட்டால் சுமார் இரண்டு நாளும், பாதி நிறைந்திருந்தால் ஒரு நாளும் உறைநிலை நிற்கும் என்பது தனி ஃப்ரீசருக்கான பொதுக் கணக்கு. கோடையில், அதுவும் ஃப்ரிட்ஜோடு சேர்ந்த சிறு ஃப்ரீசரில், அதில் பாதியை எதிர்பார்த்தால் போதும். ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள், ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் எல்லாம் நலம். அடியில் போய் உறைந்திருந்தால் இடையில் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். கறியும் மீனும் குப்பைக்குத்தான். மின்சாரம் வந்தபின் தொட்டுப் பார்க்கையில் உள்ளே இன்னும் பனித்தூள் நறநறவென்றிருந்தால் மறுபடி உறையவிடலாம்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்புகளைத் தாங்கள் வெளியிடுகிறீர்கள். அன்று காலை இதழில் வருவதைவிட முந்தைய நாள் இதழிலேயே ஊர்ப் பெயர்களோடு வந்தால் வீடுகளுக்குப் பயன்படும். தெரிந்துவிட்டால் அன்று புதிதாக எதையும் ஃப்ரீசரில் வைக்காமல், காலி இடத்தில் முக்கால் பங்கு நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களை இரவே உறையவைத்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை,
காரைக்குடி.